மதினி போட்ட கையெழுத்து

மதினியிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் முருகன்குறிச்சி முக்கில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று என்று அண்ணன் சொல்வான். அதில் பாதிதான் உண்மை. அடுத்த வீட்டுச் சமாச்சாரம் எதையும் மதினி வெளியே விட்டதில்லை. ஆனால் ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்று தனக்குத் தெரிந்துவிட்டால், அதை இன்னொருவருக்குச் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. பசி, தூக்கம் மாதிரி அது அவளுக்கு ஒரு உபாதை.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், அம்மா வைக்கும் தேங்காய்ப்பால் சொதியை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு இஞ்சிச் சாறு விடுகிற அந்தக் கைப்பக்குவத்தை அம்மா கூடப்பிறந்த சித்திகளுக்கே சொன்னதில்லை. மறுவாரம் தெருவில் எல்லா வீட்டுச் சொதியும் ஒரே மணமாக மணத்தது. அம்மா ஒரு வாரம் மதினியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மதினிக்குத் தான் செய்த குற்றம் என்னவென்று கடைசி வரை விளங்கவே இல்லை. நல்லா இருக்குன்னு சொன்னாங்க, எப்படின்னு கேட்டாங்க, சொன்னேன், இதில் என்ன இருக்கு என்று என்னிடம் நியாயம் கேட்டாள்.

ஜங்ஷனில் டவுன் பஸ் ஏறி உட்கார இடம் கிடைத்துவிட்டால், பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் முதல் வேலையாக, "நான் வண்ணார்பேட்டையில எறங்கிருவேன், நீங்க இங்கனயே நில்லுங்க" என்று சொல்லிவிடுவாள். உடன்குடிக்காரி. அவள் அப்பா கருப்பட்டி யாவாரி. எந்த ஓலைச் சிப்பத்தில் சீனி கலந்திருக்கிறது என்று வாங்க வந்தவர்களிடமே சொல்லிவிடுகிற யாவாரி. அவர் எப்படிப் பிழைத்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் மதினி கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். தொண்ணூறுகளின் பிற்பாதி. ஏதோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தட்டில் கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் என்று ஒரு நிரல் இருந்தது. அதைக் கல்லூரியில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்த அன்று, பிறந்த வீட்டு ஆட்களைப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி வந்தாள்.

"எழுதினவங்க எழுதினதை அப்படியே குடுத்திருக்காங்க தம்பி. உள்ள என்ன இருக்குன்னு யாரும் பாக்கலாம். தப்பு இருந்தா திருத்தலாம். திருத்தினதை அவங்களுக்கே திருப்பி அனுப்பலாம். உலகம் பூரா இப்படி ஒரு கூட்டம் இருக்கு, பாத்துக்கிடுங்க."

உலகத்தில் தன்னைப் போல இன்னும் பைத்தியங்கள் இருக்கின்றன என்கிற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியன். அந்தப் பள்ளியில் கிடந்த ஒரு இயந்திரத்தைப் பற்றி அவளிடம் சொன்னவன் நான்தான்.

அது பிரெயில் அச்சு இயந்திரம். தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத்தாக்கும். வெளிநாட்டில் ஒரு அறக்கட்டளை தானமாக அனுப்பியது. வந்த நாளில் மாலை போட்டு வரவேற்றோம். அதனோடு வந்த கம்ப்யூட்டர் நிரலுக்கு இங்கிலீஷைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்பது மாலை வாடிய பிறகுதான் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் படிப்பது தமிழில். ஆகவே அது துணி போர்த்திக்கொண்டு ஒரு மூலையில் இருந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அதைத் தவிர அதற்கு ஒரு வேலையும் இல்லை.

அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகங்கள் மாறின. புதுப் புத்தகத்துக்குப் பிரெயில் பிரதி எங்கிருந்தும் வருவதாக இல்லை. தமிழும் வரலாறும் என்றால் நான் வாசிப்பேன், பிள்ளைகள் கேட்டு மனசில் ஏற்றிக்கொள்வார்கள். கணக்குக்கு என்ன செய்வது? கணக்கு வாத்தியார் மரியசெல்வம் சார், அவரும் பிறவியிலேயே பார்வை இல்லாதவர், என்னைப் பிடித்து உலுக்காத குறைதான்.

"கணக்கைக் காதால கேட்டுப் படிக்க முடியாது வே தமிழய்யா. விரலுக்குக் கீழ இருந்தாத்தான் கணக்கு. மார்ச்சில பரீட்சை. பிள்ளைகள் என்ன செய்யும்?"

சனிக்கிழமைகளில் மதினி பள்ளிக்கு வர ஆரம்பித்தாள். கல்லூரிப் பழைய கம்ப்யூட்டரைக் கெஞ்சி வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்து இயந்திரத்தோடு இணைத்தாள். தமிழ் எழுத்தைப் பிரெயில் புள்ளியாக மாற்றும் நிரலைத் தானே எழுதினாள். முதல் தாளில் நாலு வரி விழுந்ததும் மரியசெல்வம் சார் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். 'கேள்வி' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஏகாரம் முன்னால் வந்து உட்கார்ந்து, ககரம் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தது. நாம் கண்ணால் பார்த்து எழுதும்போது கொம்பை எழுத்துக்கு முன்னால் போடுகிறோம். கம்ப்யூட்டரிலும் அப்படியே தட்டியிருந்தாள். பிரெயிலில் மெய் முதலில், உயிர் பின்னால், வாயால் சொல்கிற வரிசையில் வரும். கண் உள்ளவர்கள் கொம்பை முன்னால் போடுவார்கள் என்பது அத்தனை வயது வரை மரியசெல்வம் சாருக்குத் தெரியாது. பிரெயிலில் அது பின்னால் வரும் என்பது மதினிக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அந்த மத்தியானம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். மதினியை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்த நாள் அது.

தமிழ் வந்துவிட்டது. ஆனால் அரைப் பக்கம் குத்தியதும் இயந்திரம் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி அரைப் பக்கம். அந்த இடத்தில் கம்ப்யூட்டரிலிருந்து ஏதோ ஒரு சங்கேதத்தை அது எதிர்பார்க்கிறது. கம்பெனியின் சொந்த நிரல் அதை அனுப்பியது, ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக அனுப்பியது. எந்தக் கணக்கில் மாற்றுகிறது என்று மதினி வாரக்கணக்கில் முட்டி மோதிப் பார்த்தாள். அது அந்த இயந்திரத்தின் கையேட்டில் ஒரு பக்கத்தில் இருக்கும். அந்தக் கையேட்டைக் கம்பெனி வெளியே கொடுப்பதில்லை.

கம்பெனிக்கு எழுதினாள். பதில் இல்லை. கல்லூரியில் இருந்த ஒரே இணைய இணைப்பில், முறை வைத்து உட்கார்ந்து, லினக்ஸ்காரர்களின் மின்னஞ்சல் குழுவில் கேட்டாள். அங்கே இதே இயந்திரத்தை வைத்துக்கொண்டு இதே அரைப் பக்கத்தில் நிற்கிறவர்கள் இருந்தார்கள். பிரேசிலில் ஒருவர், அவரே பார்வையற்றவர், தன் ஊர்ப் பள்ளிக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். நீ இந்தப் பக்கமிருந்து முயற்சி செய், நான் அந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். யாருக்கு முதலில் கிடைத்தாலும் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்பது பேச்சு. மதினிக்கு அதைப் பேசி வைக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்தச் சமயத்தில் ஜங்ஷன் பக்கம் ஒரு ஓட்டலில், வேறொரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கூட்டம் வைத்தார்கள். மதினி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எல்லாருக்கும் ஒரு பையும் சமோசாவும் கொடுத்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த மேலாளர், இந்த இலவச நிரல்காரர்களுக்கு உதவி செய்ய எங்கள் கம்பெனிக்கு ரொம்ப ஆசை, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று மைக்கில் கேட்டார். சும்மா கேட்டு வைத்தார். மதினி எழுந்துவிட்டாள்.

"எங்களுக்குப் பை வேண்டாம் சார். நீங்க செய்யுத சாமானு எந்தப் பாஷையில பேசுதுன்னு ஒரு தாள்ல எழுதி வெளிய போடுங்க. அது போதும், மிச்சத்தை நாங்க எழுதிக்கிடுதோம். சந்தேகம்னா கேக்கதுக்கு உங்க ஆள் ஒருத்தரு வேணும். ஒரு சாமானைச் செய்யுதத நிறுத்தப் போறீங்கன்னா, நிறுத்துத அன்னைக்கே அதோட தாளு மொத்தத்தையும் குடுத்துட்டு நிறுத்துங்க. வாங்கினவன் அதை வச்சுக்கிட்டு எங்க போவான்?"

மேலாளர் அழகாகச் சிரித்தார். அருமையான யோசனை, மேலிடத்துக்குச் சொல்கிறேன் என்றார். பிறகு, கேள்வி கேட்டவர்களுக்குப் பரிசு என்று மதினிக்குக் கம்பெனி பெயர் போட்ட ஒரு பனியனைக் கொடுத்து எல்லாரையும் கை தட்டச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மதினி அந்தப் பனியனை மடியில் வைத்துக்கொண்டு, அவர் எழுதிக்கொண்டாரா, நிஜமாகவே எழுதிக்கொண்டாரா என்று என்னிடம் கேட்டாள். பேனாவைக் கூட அவர் திறக்கவில்லை.

மார்கழி பிறந்த பிறகு அச்சு இயந்திரக் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. கையேட்டைத் தரலாம். ஆனால் அதில் உள்ளதை யாருக்கும் சொல்வதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்து எழுதுகிற நிரலையும் யாருக்கும் காட்டக் கூடாது. மதினி மட்டுமல்ல, இயந்திரம் பள்ளியுடையது என்பதால் பள்ளியின் பெயரிலும் போட வேண்டும். ஒப்பந்தத்துக்கு முடிவு தேதி கிடையாது.

மதினி அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பல நாள் திரிந்தாள். போடாதே என்று நான் சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை. பள்ளியில் எல்லாருக்கும் அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. கம்பெனிக்காரன் கொடுப்பதாகச் சொல்லிவிட்டான், கையெழுத்துத்தானே என்றார்கள். அவளுக்கு அது என்னவென்று புரிந்துகொண்டவர் மரியசெல்வம் சார் ஒருவர்தான். புரிந்துகொண்டுதான் கேட்டார்.

"டீச்சர், அந்தப் பிரேசில்காரருக்கு நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க. அது எனக்குத் தெரியும். எம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வருது. இதுக்கு மேல நான் என்ன சொல்லட்டும்?"

தலைமை ஆசிரியை அறையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கையேடு வந்தது. ஒல்லியான புத்தகம். அவள் தேடிய பக்கத்தைப் பிரித்து நின்றபடியே படித்தாள். சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "இம்புட்டுத்தானா" என்று மட்டும் சொன்னாள். எவ்வளவு என்று நான் கேட்க வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் எனக்குச் சொல்லாமல் விட்ட முதல் விஷயம் அது.

இயந்திரம் ஓடியது. தகரக் கூரையில் கல்மழை பெய்கிற சத்தம். மூன்றாம் பாட வேளையில் அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வகுப்பில் என்னைக் கவனிக்க மாட்டார்கள். கணக்குப் புத்தகம் முழுசாக, ஆளுக்கு ஒன்று, தை முடிவதற்குள் வந்துவிட்டது. மரியசெல்வம் சார் முதல் பிரதியை மார்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மார்ச்சில் எல்லாரும் எழுதினார்கள். எல்லாரும் கணக்கில் தேறினார்கள். நல்லது நடந்தது. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் மதினி குழுவுக்கு எழுதினாள், எனக்குக் கிடைத்துவிட்டது, சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று. கிடைக்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம், சும்மா இருந்திருக்கலாம். அவளுக்கு அதுவும் தெரியாது. சிலர் திட்டினார்கள். நீயும் அவர்கள் பக்கம் போய்விட்டாயா என்று ஒருவர் கேட்டிருந்தார். பிரேசில்காரர் திட்டவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள், நானாக இருந்தாலும் போட்டிருப்பேன் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று மதினி சாப்பிடவில்லை. திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பாள்.

அதற்குப் பிறகு அந்தக் குழுவில் அவளால் ஒன்றும் பேச முடியவில்லை. அவர்கள் அந்த அரைப் பக்கத்தைப் பற்றித் தப்பான திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். இவள் படித்துக்கொண்டே இருப்பாள். அங்கன இல்லை, அங்கன இல்லை என்று வாய்க்குள் முணுமுணுப்பாள். திரைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனுஷியின் வாயைக் கட்டுவது இவ்வளவு சுலபமா என்று ஆத்திரமாக வரும். கல்லூரியிலும் ஏதாவது சொல்லிக்கொடுக்கும்போது நடுவில் நின்று, இது எனக்கு எங்கிருந்து தெரியும் என்று யோசித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சித்திரையில் ஒரு மத்தியானம் கோடை இடி இடித்தது. பொதிகைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்த மழை. மின்னல் எங்கள் பள்ளிக் கம்பியில் இறங்கியது. மின்விசிறிகள் போயின, மணியடிக்கிற மோட்டார் போயிற்று, இயந்திரத்தின் உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகை கரிந்துபோயிற்று. கம்பெனிக்கு எழுதினோம். அந்த மாடலை நிறுத்திவிட்டோம், மாற்றுப் பலகை கிடையாது என்று பதில் வந்தது.

மதினி மறுபடி எழுதினாள். பலகை வேண்டாம். நிறுத்திவிட்ட சாமானுக்கு இனி என்ன ரகசியம், என்னை அந்தக் கையெழுத்திலிருந்து விடுவித்துவிடுங்கள், இதே இயந்திரம் ஓடாமல் கிடக்கிற பள்ளிகள் வேறு நாடுகளில் இருக்கின்றன, அவர்களாவது ஓட்டட்டும் என்று. அவள் எழுத எழுத நான் கூட இருந்து பார்த்தேன், அவ்வளவு பணிவாக எழுதியிருந்தாள். பதில் நாலு வரி. அந்தப் பிரிவை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டோம். ஒப்பந்தங்கள் எங்கள் வசம் இல்லை. ஆனால் அவை செல்லுபடியாகும். வாங்கிய கம்பெனிக்கு எழுதினாள். அப்படி ஒரு இயந்திரம் இருந்ததே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

"சொல்லிருங்க மதினி. யாருக்குத் தெரியப் போகுது? கேக்கதுக்கே ஆள் இல்லையே" என்றேன்.

"கேக்க ஆள் இல்லைன்னா விடுவிக்கவும் ஆள் இல்ல தம்பி. ஸ்கூல் பேருல்லா அதுல இருக்கு. நாளைக்கு எவனாவது ஒருத்தன் தாளைத் தூக்கிக்கிட்டு வந்தா, இந்தப் பிள்ளைகளுக்கு அப்புறம் யாரு என்னத்தைக் குடுப்பா?"

யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றுகூடத் தெரியாத ஒரு அநியாயம் அது. ஆடி மாதம் பிரேசில்காரர் குழுவில் எழுதினார். பள்ளியில் இடம் வேண்டியிருக்கிறது, இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போடுகிறோம், கூட உழைத்த எல்லாருக்கும் நன்றி. மதினியின் பெயரும் அந்த நன்றியில் இருந்தது.

அடுத்த பத்தாம் வகுப்புக்குப் புத்தகம் போதவில்லை. விரல் பட்டுப் பட்டுப் பழைய பிரதிகளில் பாதிப் புள்ளி அமுங்கியிருந்தது. மரியசெல்வம் சார் பிரெயில் சட்டத்தில் தாளை மாட்டி, ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் கையால் குத்த உட்கார்ந்தார். கணக்குப் புத்தகத்தைப் பக்கத்திலிருந்து வாசிக்கக் கண் உள்ள ஆள் வேண்டும். மதினி சனிக்கிழமைகளில் வந்தாள். அவள் வாசிக்க வாசிக்க அவர் குத்துவார். ஒரு பக்கம் முடிய ஒரு மணி நேரம் ஆகும்.

ஒரு சனிக்கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, நல்ல சூட்டிகையான பிள்ளை, இயந்திரத்தின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து மதினி பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பெரியவளாகி இதைச் சரி பண்ணுவேன் என்றாள். பிறகு கேட்டாள்.

"டீச்சர், அரைப் பக்கத்துல நின்னுக்கிடும்லா, அப்புறம் அதை எப்படி ஓட வச்சீங்க? எனக்குச் சொல்லித் தருதீங்களா?"

மதினி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு கேள்விக்காகவே பிறந்தவள். அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். மரியசெல்வம் சார் கை நின்றது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் மதினி.

பிறகு விட்ட இடத்திலிருந்து கணக்கை வாசிக்க ஆரம்பித்தாள். மரியசெல்வம் சார் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஊசியை எடுத்தார்.